வீரமுத்து மாமா பேசிக்கொள்வார்

வீரமுத்து மாமா ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கும் தரகர் இல்லை. தரகராக இருந்திருந்தால் அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. ஒரு டீ, பஸ்ஸில் ஜன்னலோர சீட், டாக்டர் அறைக்குள் நோயாளிக்கு முன்னால் நுழையும் உரிமை. இவை போதும் அவருக்கு. இதற்காகத்தான் இருபத்தெட்டு வருடமாக எங்கள் ஊரின் முதுகுகளையெல்லாம் தவறான டாக்டர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். என் அம்மாவின் முதுகு உட்பட.

எங்கள் ஊர் ரஞ்சன்குடிக்கு மேற்கே, நெடுஞ்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். களை எடுப்பதும் வெங்காயம் பிடுங்குவதும் நாள் முழுக்கக் குனிந்தே செய்கிற வேலை. ஆகவே முதுகு வலி இல்லாத வீடு இல்லை. முதுகு வலி வந்தால் முதலில் தைலம், அடுத்தது மெடிக்கல் ஷாப் மாத்திரை, அதற்கும் கேட்காவிட்டால் வீரமுத்து. அவரிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் மூன்று மாதம் பேசமாட்டார்.

அவர் டாக்டர்களைக் கண்டுகொண்ட கதையை ஊரில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வாலிபத்தில் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு, கிளீனர்தான் அவரைச் சீட்டிலிருந்து தூக்கி இறக்கினார். திருச்சியில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனார். மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது. பெரும்பாலான முதுகு வலி, யாரிடமும் போகாவிட்டாலும் சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும் என்று நான் பின்னால் படித்தேன். அதை அவரிடம் சொல்ல முடியாது. ஏனென்றால் மூன்றாவது முறை போனபோது அந்த டாக்டர், "வா வீரமுத்து" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய சம்பவம் அதுதான். பிறகு நடந்த கல்யாணம், பிறந்த இரண்டு பிள்ளைகள், மனைவி கோபித்துக்கொண்டு உடையார்பாளையத்தில் தாய்வீட்டில் இரண்டு வருடம் இருந்தது எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

அவரிடம் ஒரு கட்டைப்பை இருக்கிறது. அதில் ரப்பர் பேண்ட் போட்ட விசிட்டிங் கார்டுக் கட்டும், அந்தக் காலத்தில் எடுத்த அவருடைய சொந்த எக்ஸ்ரேயும் இருக்கும். யாராவது எக்ஸ்ரே எடுத்து வந்தால் வெயிலில் நின்று அதை ஒரு கையிலும் தன்னுடையதை மறு கையிலும் தூக்கிப் பிடிப்பார்.

"என்னுதுல பாரு, இந்த எடத்துல சந்து தெரியுதா? உன்னுதுல தெரியல. எலும்பு டாக்டர்தான் இதுக்கு."

சந்து தெரிந்தாலும் எலும்பு டாக்டர்தான். ஆண் என்றால் எலும்பு. பிள்ளை பெற்ற பெண் என்றால் முதலில் எலும்பு, கேட்காவிட்டால் லேடி டாக்டர். இரண்டுக்கும் மசியாத வலி என்றால் நரம்பு. இதுதான் அவருடைய மருத்துவ சாஸ்திரம் மொத்தமும். நரம்பு என்று அவர் கூட்டிப்போன இடத்தின் போர்டில் நரம்புத் தளர்ச்சி என்றும் அதற்குக் கீழே மனநலம் என்றும் எழுதியிருந்தது. முதல் வரியோடு அவர் நிறுத்திக்கொண்டார். முதுகு வலியோடு போன நான்கைந்து பேர் அங்கிருந்து தூக்க மாத்திரையோடு திரும்பினார்கள். நன்றாகத் தூங்கினார்கள். அதையும் அவர் குணமான கணக்கில்தான் சேர்த்தார்.

ஊர் அவரை ஏன் பொறுத்துக்கொண்டது என்று கேட்கலாம். பொறுத்துக்கொள்ளவில்லை, விரும்பியது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு டாக்டரிடம் பேசப் பயம். வயல் வரப்பில் இரண்டு ஊருக்குக் கேட்கக் கத்துகிறவர்கள், டாக்டர் முன்னால் தலையை மட்டும் ஆட்டுவார்கள். "வீரமுத்து பேசிக்குவாரு" என்பார்கள். டாக்டர்களுக்கும் அது சௌகரியம். நோயாளியைக் கேட்டால் போன கார்த்திகையில் மழை பெய்ததிலிருந்து ஆரம்பிப்பார். வீரமுத்து மாமா ஒரு வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரி தவறாக இருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு இளக்காரமாக எழுதுகிற நான் யார் என்றால், எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். பி.எஸ்ஸி. வேதியியல். இப்போது குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், அதாவது சும்மா இருக்கிறேன். ஊரில் ஆங்கிலத்தில் வரும் எந்தக் காகிதமும் முதலில் என்னிடம் வரும். படித்துச் சொல்வேன். சொன்ன பிறகு அதை வீரமுத்து மாமாவிடம் கொண்டுபோய்ச் சரியா என்று கேட்டுக்கொள்வார்கள்.

அம்மாவின் பெயர் மலர்கொடி. நாற்பத்தேழு வயது. அப்பா திருப்பூரில் வாட்ச்மேன், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வெங்காயம் பிடுங்கும் சமயத்தில் அம்மாவுக்கு இடுப்பு பிடித்தது. வீரமுத்து மாமா அவளுக்கு அண்ணன் முறை. முதலில் பெரம்பலூரில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். எக்ஸ்ரே, மாத்திரை, பெல்ட். பிறகு லேடி டாக்டர். அங்கே வயிற்றை ஸ்கேன் பண்ணி, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அம்மா பயந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டாள். "ஒரேயடியா எடுத்துட்டா நிம்மதிதானே மலரு" என்று அவர் ஒரு வாரம் வீட்டு வாசலில் வந்து நின்றார். தன்னுடைய மண்ணீரலையோ கல்லீரலையோ எடுக்க அவர் இப்படி அவசரப்பட்டிருப்பாரா என்று தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாத்ரூம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா என்னைக் கூப்பிட்டாள். குரலை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"சிந்து, உக்காருற எடமே தெரியலடி. மரத்துக் கெடக்கு. ரெண்டு தொடைக்கும் நடுவுல கிள்ளினாக்கூட ஒறைக்கல. நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒன்னுக்கும் வரமாட்டேங்குது. முக்கினா சொட்டு சொட்டா வருது."

"நேத்தே ஏம்மா சொல்லல?"

"இதையெல்லாமா சொல்லுவாங்க? நீ பாட்டுக்கு அண்ணன்கிட்ட சொல்லி வெக்காத."

போனில் தேடினேன். முதுகு வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீரும் நின்றால் அது வேறு விஷயம் என்று தமிழிலேயே தெளிவாக எழுதியிருந்தது. தண்டுவடத்தின் கீழே நரம்புக் கற்றை நசுங்குகிறது. மாத்திரை, பெல்ட் எதற்கும் கட்டுப்படாது. மூளை, தண்டுவட அறுவை சிகிச்சை செய்பவரிடம் உடனே போக வேண்டும். தாமதித்தால் காலும் போகலாம், சிறுநீர்க் கட்டுப்பாடும் போகலாம். உடனே என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது.

"நூத்தெட்டுக்கு அடிக்கிறேம்மா."

"இடுப்பு வலிக்கு நூத்தெட்டா? சைரன் சத்தம் கேட்டா ஊரே வாசல்ல வந்து நிக்கும். மானம் போயிரும்."

அதற்குள் வாசலில் வீரமுத்து மாமா வந்துவிட்டார். நேற்றே வலி அதிகம் என்று அம்மா சொல்லியனுப்பியிருக்கிறாள். மரத்துப்போனதையும் ஒன்னுக்கு வராததையும் மட்டும் சொல்லவில்லை.

"கெளம்பு மலரு. எலும்பு டாக்டர்கிட்டயே காட்டிருவோம். பதினோராவது டோக்கன் போட்டு வெச்சிருக்கேன். கம்பவுண்டர் பிரேம் நம்ம ஆளு."

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அம்மாவால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சீட்டுதான் இருக்குல்ல, உக்காரேன்."

"பரவால்லண்ணே."

தனக்கு மரியாதை கொடுத்துத்தான் அம்மா நிற்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டது அவர் முகத்திலேயே தெரிந்தது. பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரரிடம் தன் எக்ஸ்ரேயைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பதினோராவது டோக்கன் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் நோயாளி உட்காரும் ஸ்டூலில் அவர் உட்கார்ந்தார். டாக்டர் பழக்கத்தில் அவர் மணிக்கட்டைப் பிடிக்கப் போய், நிமிர்ந்து பார்த்து, கையை விட்டார்.

"அதே இடுப்பு வலிதான் சார். மாத்திரையில கொறஞ்சிச்சு, திரும்பக் களைக்குப் போயி ஏத்திக்கிச்சு. பெல்ட்டு ஒழுங்கா போடுறதில்ல, அது தப்புதான்."

அம்மாவின் சார்பில் மன்னிப்பும் கேட்டுவிட்டார்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" டாக்டர் அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வேற ஒன்னும் இல்ல சார்."

அம்மா என்னைப் பார்த்தாள். சொல்லு என்று பார்த்தாளா, சொல்லாதே என்று பார்த்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்டதுமில்லை. யூரின் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரிடம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று வருடம் சோதனைக்குழாயில் அமிலம் ஊற்றிக் கற்றுக்கொண்ட தைரியமெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சொட்டைத் தலைக்கு முன்னால் போன இடம் தெரியவில்லை. டாக்டர் எழுதி முடித்தார். ஒரு ஊசி, பத்து நாள் மாத்திரை, அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி.

வெளியே படி இறங்கும்போது அம்மாவின் இடது செருப்பு கழன்று படியிலேயே கிடந்தது. அவளுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு பத்தடி நடந்துவிட்டாள். சித்திரை வெயிலில் தார் ரோடு. சூடுகூட அந்தப் பாதத்துக்குத் தெரியவில்லை.

செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஜி.ஹெச். போவோம் மாமா. இப்பவே."

"நாளைக்கிப் போலாம்மா. கையக் கால ஆட்டி விடுறதுக்கு என்ன அவசரம்?"

"இன்னைக்கே ஆரம்பிக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. இங்க பாருங்க."

அப்படி எதுவும் எழுதவில்லை. சீட்டை நீட்டினேன். அவர் படிப்பது போல் பார்த்துவிட்டு, "எழுதியிருக்காருன்னா போய்த்தான் ஆவணும்" என்றார். அவர் கும்பிடுகிற சாமியை வைத்தே அவரை ஏமாற்றினேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொய்தான் எனக்குச் சுலபமாக வந்தது.

பிசியோதெரபி அறையில் சிவரஞ்சனி என்று அடையாள அட்டை மாட்டிய பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும். வீரமுத்து மாமா உள்ளே போய் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பேஷண்ட் யாரு?"

"இவங்கதாம்மா, தங்கச்சி மொறை. விஷயம் என்னன்னா..."

"அப்ப நீங்க எந்திரிங்க."

"அவங்களுக்குச் சொல்லத் தெரியாதும்மா, நான் சொல்றேன்."

"வலி உங்களுக்கா, அவங்களுக்கா?"

"இல்லம்மா, எல்லா டாக்டருங்ககிட்டயும் நான்தான்..."

"நான் டாக்டர் இல்ல. வெளியில பெஞ்சு இருக்கு. கூப்புடறப்ப வாங்க."

அவர் எழுந்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு ஸ்டூலை விட்டு எழுந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். கதவு சாத்தப்பட்டது. சிவரஞ்சனி அம்மாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"ஒன்னுக்கு நல்லா போவுதாம்மா? உக்காருற எடம் மரத்துப்போயிருக்கா?"

அம்மா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார் சிவரஞ்சனி. வலது தூக்கியது. இடது அப்படியே கிடந்தது.

"இதுக்கு முன்னாடி பாத்தவங்ககிட்ட இதைச் சொன்னீங்களா?"

"அவரு கேக்கல" என்றேன் நான்.

"கேட்டாரு" என்றாள் அம்மா. "நாங்கதான் சொல்லல."

சிவரஞ்சனி எங்களைத் திட்டவில்லை. சக்கர நாற்காலியை அவரே இழுத்துவந்து, அவரே தள்ளிக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போனார். "இது என் வேலை இல்லம்மா, எலும்பு டாக்டர் வேலையும் இல்ல. திருச்சியில நியூரோ சர்ஜன் பாக்கணும். இன்னைக்கே" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். டியூட்டி டாக்டர் எழுதிய சீட்டில், நேற்று மதியம் இரண்டு மணியிலிருந்து சிறுநீர் போகவில்லை என்ற வரிக்குக் கீழே கோடு போடச் சொன்னார். எந்த டாக்டரிடம் போக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அந்த ஒரு வரி. எக்ஸ்ரே இல்லை, டாக்டரின் கைராசி இல்லை, டோக்கன் இல்லை. பாத்ரூம் வாசலில் அம்மா என்னிடம் சொன்ன வரி.

இருபது நிமிடத்தில் நூற்றெட்டு கிளம்பியது. டிரைவருக்குப் பக்கத்தில் வீரமுத்து மாமா ஏறிக்கொண்டார். வழியெல்லாம் போன். "நம்ம கேஸு ஒன்னு சீரியஸ். ஆமா, திருச்சிக்குத் தூக்கிட்டுப் போய்க்கிட்டிருக்கேன்." ஆம்புலன்ஸையே அவர் தலையில் வைத்துத் தூக்கிப்போவது போல இருந்தது.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, பொழுது சாய்வதற்குள் அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னால் டியூப் போட்டார்கள். அடைபட்டிருந்த சிறுநீர் பை நிறைய வந்தது. ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அந்தப் பையை யார் பிடிப்பது என்று நான் தடுமாறினேன். சொல்லவே கூசிய ஒன்று கண்ணுக்கு முன்னால் மஞ்சளாகத் தொங்கியது. வீரமுத்து மாமா சட்டென்று அதை வாங்கிக்கொண்டார். காய்கறிப் பையைத் தூக்குவது போலத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லிப்ட்காரரிடம் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே நடந்தார். அவர் முகத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

"சார், பைய கீழ எறக்குங்க! தோள் ஒசரத்துக்குத் தூக்கினா திரும்ப உள்ள போயிடும்" என்று நர்ஸ் சத்தம் போட்டார்.

"அப்படியாம்மா?" என்று இறக்கினார்.

அதையும் அவர் தப்பாகத்தான் செய்தார். ஆனால் எனக்கு அங்கே ஒரு விஷயம் உறைத்தது. எந்த மனிதர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது என்று அம்மாவும் நானும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றோமோ, அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. சொல்லியிருந்தால் டாக்டர் அறையில் அவரே உரக்கச் சொல்லியிருப்பார். இது அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தைக் குறைக்கவில்லை. அதைத் திருப்ப இன்னொரு ஆளாக என்னையும் காட்டியது, அவ்வளவுதான்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் டியூப்பை எடுத்தார்கள். இப்போது நடக்கிறாள். இடது பாதம் மட்டும் முன்பக்கம் தொங்குகிறது, தரையில் லேசாக உரசுகிறது. பின்னால் வார் வைத்த செருப்புதான் போட வேண்டும். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இது இருந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அன்றைக்குக் காலையில் மட்டும் நாலு மணி நேரம் வீணானது. அம்மா சிமெண்டுத் தரையில் நடக்கும்போது வருகிற அந்த உரசல் சத்தத்தில் என்னுடைய நாலு மணி நேரம் எவ்வளவு, அம்மா சொல்லாமல் விட்ட முந்தின நாள் எவ்வளவு, வீரமுத்து மாமாவுடைய டோக்கன் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிறேன். பிரிய மாட்டேன் என்கிறது.

வீரமுத்து மாமாவுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. ஊருக்குத் திரும்பிய மறுநாளே டீக்கடையில் கதை தயாராகிவிட்டது.

"எலும்பு டாக்டரப் பாத்துட்டு வெளிய வரோம். எனக்கு மனசு ஒப்பல. இது எலும்பு இல்லடா, வேற எதுவோன்னு தோணிருச்சு. வுடு, நேரா ஜி.ஹெச்.சுக்குன்னேன்."

அம்மாவிடம் சொன்னேன், கேட்டாயா என்று. "வுடுடி. கூட வந்தாருல்ல. உங்கப்பா வர்ற வரைக்கும் பெஞ்சுலயே கெடந்தாருல்ல" என்றாள். ஊரில் எங்களுக்காக ஒரு நாள் வேலையை விட்டு வருகிற வேறு ஆள் யாரும் இல்லை என்பது உண்மைதான். வேறு ஆள் இல்லை என்பதே அவருடைய தகுதியாக இருந்து வந்திருக்கிறது.

போன மாதம் பஸ் ஸ்டாப்பில் பொன்னுத்தாய் அத்தையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். அத்தைக்குப் பத்து நாளாக முதுகு வலி. கட்டைப்பை, எக்ஸ்ரே, டோக்கன் எல்லாம் தயார். நான் நூலகத்துக்குப் போகப் பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இருந்தாலும் கேட்டேன், சத்தமாகவே வந்துவிட்டது.

"அத்தை, ஒன்னுக்கு ஒழுங்கா போவுதா? உக்காருற எடம் மரத்திருக்கா? கால்ல பலம் இருக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். அத்தை வாயில் வைத்திருந்த வெற்றிலையைத் துப்பினாள்.

"அடி இவளே! நல்லாத்தான்டி போவுது. ஏன், நீ வந்து எட்டிப் பாக்கப் போறியா?"

பஸ் ஸ்டாப்பே சிரித்தது. "படிச்ச புள்ள பேசுற பேச்சா இது?" என்று வீரமுத்து மாமா தலையில் அடித்துக்கொண்டார். அப்படியானால் இப்போதைக்கு எந்தப் பெரிய டாக்டரும் வேண்டாம், ஜி.ஹெச்.சில் சிவரஞ்சனி மேடத்தைப் பாருங்கள் என்றேன். அத்தை தலையாட்டினாள். பஸ் வந்ததும் வீரமுத்து மாமாவுக்குப் பின்னால் ஏறி எலும்பு டாக்டரிடம் போனாள்.

ஆனால் அந்தக் கேள்வியை அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். இப்போது யார் வந்தாலும் எக்ஸ்ரேயைத் தூக்குவதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார். கண் புரைக்குப் போகிறவரையும் கேட்கிறார். கை ஒடிந்து வந்த மகேஷையும் கேட்டாராம். தன் அனுபவத்தில் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொள்கிறார்.

நேற்று எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா லீவில் வந்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னா மலரு, ஒன்னுக்கெல்லாம் ஒழுங்கா போவுதா?"

"போவுதுண்ணே" என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தமாகவே பதில் சொன்னாள். காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு, பாதம் உரச, வெளியே வந்து கொடுத்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேச்சு மழைக்குப் போய்விட்டது.

தலையைக் குனிந்துகொண்டது நான் ஒருத்திதான்.